செருப்பைக் கழற்றச் சொன்னவள் நான்தான்

கலை,

இதைப் பஸ்ஸில் பிரித்துப் படிக்காதே. பக்கத்தில் உட்காருகிறவள் எட்டிப் பார்ப்பாள். ஹாஸ்டலில் உனக்கென்று ஒரு கட்டிலும் துணி மாட்ட ஓர் ஆணியும் கிடைத்த பிறகு படி. நேரிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். நான்கு நாளாகச் சொல்லத்தான் பார்க்கிறேன். நீ பையில் துணி அடுக்கும்போது வந்து நிற்கிறேன், "சோப்பு எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. சோறு இறங்கவில்லை. கடையில் பழுதுபார்க்க வந்த ரேடியோக்கள் பிரித்தபடியே கிடக்கின்றன. உன் அப்பா சிரிக்கிறார். "பொண்ணு கம்பெனிக்குப் போறாளா, போர்முனைக்குப் போறாளாடி?" என்கிறார். அவர் சிரிக்கலாம். நடந்தது முழுசாக அவருக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நான்.

உனக்கு முன்னால் அந்தக் கம்பெனிக்குப் போன அரியாங்குப்பத்துப் பெண் போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்தாளே, அன்றைக்குத்தான் இந்தப் பயம் பிடித்தது. செல்போன் சார்ஜர் செய்கிற இடம், ஏ.சி. போட்டிருப்பார்கள், கேன்டீனில் வாரம் ஒருநாள் முட்டை என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் இதையும் சொன்னாள். "மெஷின் கதவத் தொறந்தா லைன் நின்னுடும் அத்த. நின்னா லீடர் வந்து கத்துவாரு. அதனால கதவுல இருக்குற ஸ்விட்ச்ச அமுக்கி டேப்பு போட்டு ஒட்டிட்டோம். ஏதாவது சிக்குச்சுன்னா ஓடுறப்பவே கைய உட்டு எடுத்துடுவோம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நீயும் சிரித்தாய். "போகப் போகப் பழகிடும், இல்ல?" என்று அவளைக் கேட்டாய். உன் வலது கை அப்போது காபி டம்ளரைப் பிடித்திருந்தது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என்னிடமிருந்து வந்தது. அதனால்தான் போன ஜூலை மாதத்தை மறுபடி எழுதவேண்டியிருக்கிறது, உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற அந்த சொல்தா வீட்டு ஐயாவின் பழைய ஸ்டீரியோ ரிசீவர். ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில். முன்பக்கம் முழுக்க அலுமினியம், கனமான குமிழ்கள், நிலையம் காட்டுகிற கண்ணாடிக்குப் பின்னால் பச்சை விளக்கு. எழுபதுகளில் பாரிஸில் வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தது. ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய நாள், அவர்களுக்குப் பெருநாள். பிரான்ஸிலிருந்து மகள் குடும்பம் வருகிறது, அன்று மாலைக்குள் அது பாட வேண்டும் என்று ஆள் அனுப்பினார். பெட்டியைக் கடைக்குத் தரமாட்டார், வீட்டிலேயே வைத்துப் பார்க்கவேண்டும். தனியாகத் தூக்கிப் புரட்ட முடியாது என்பதால் உன்னையும் கூப்பிட்டுக்கொண்டு போனேன். டிப்ளமோ முடித்துச் சும்மா இருந்தாய், சலித்துக்கொண்டே வந்தாய்.

வாசலில் நீ செருப்போடு ஏறினாய். பின்பக்கம்தானே வேலை, சந்து வழியாகப் போய்விடலாம் என்று நினைத்திருப்பாய். நியாயம்தான். ஐயா நாற்காலியில் உட்கார்ந்தபடி உன் காலைப் பார்த்தார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் உன் முழங்கையைக் கிள்ளினேன். "செருப்பக் கழட்டுடி" என்றேன். "கொல்லைக்குத்தானம்மா போறோம்" என்றாய். "கழட்டுன்னா கழட்டு. பேசாத." நீ கழற்றினாய். நானும் கழற்றினேன். இரண்டு ஜோடியும் வாசலில் கிடந்தன.

ஏன் கழற்றச் சொன்னேன் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் மரியாதை என்று சொல்லியிருப்பேன். பொய். நான் பிறந்த இடத்தில் ஊர்த்தெருவுக்குள் நுழைவதற்கு முன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். என் அம்மா பிடித்துக்கொண்டு நடந்தாள். நானும் நடந்திருக்கிறேன். பத்து வயதில் ஒருநாள் மறந்துவிட்டேன். யாரும் அடிக்கவில்லை, ஒருவர் என் காலைப் பார்த்தார், அவ்வளவுதான். அம்மாவின் முகம் வெளிறிப்போனதை இப்போதும் வரைந்து காட்டுவேன். பிறகு இங்கே புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் டி.வி. செய்கிற யூனிட்டில் சோல்டரிங் லைனில் சேர்ந்தேன். அங்கேயும் செருப்பு வெளியே. தூசு வரும் என்று காரணம் சொன்னார்கள். சூப்பர்வைசர் ஷூ போட்டுக்கொண்டு எங்களுக்குப் பின்னால் நடப்பார். அவர் ஷூவில் தூசு கிடையாது போலிருக்கிறது. பதினோரு வருஷம் வெறுங்காலோடு ஈயம் உருக்கினேன். ஒருத்திகூட ஏன் என்று கேட்கவில்லை. யூனிட்டை மூடும்போதும் கேட்கவில்லை. இப்படியே பழகி, யாராவது காலைப் பார்த்தாலே போதும், என் கை தானாகக் கீழே போய் வாரை அவிழ்த்துவிடும். அந்த வியாதியை உனக்கும் கொடுத்துவிட்டேன்.

வாசல் திண்ணையில் எடுத்து வைத்திருந்த பெட்டியைச் சந்து வழியாகப் பின்பக்கம் கொண்டுபோனது தப்பில்லை. தூசு ஊதுகிற வேலையை வெளியில்தான் செய்யவேண்டும். மூடியைக் கழற்றியதும் நீ மூக்கைப் பிடித்துக்கொண்டாய். கடற்காற்றும் தூசும் சேர்ந்து பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருந்தது, ஓரத்தில் பல்லி முட்டைகள். ஐயா பக்கத்தில் நின்று பெருமை பேசினார். "அம்பது வருஷத்துல இது ஒருநாள் தும்மினது கெடையாது." சமையலறை ஜன்னலுக்குள்ளிருந்து அவர் மனைவி, மதாம், "அதுக்கும் சேத்து நீங்கதான் தும்முறீங்களே" என்றார். நாம் மூன்று பேரும் சிரித்தோம். பெரிய மின்தேக்கிகளில் தேங்கியிருந்த கரண்டை பல்பு வைத்து இறக்கினேன். பெயின்ட் பிரஷ்ஷால் நீ தட்டத் தட்ட நான் ஊதினேன். வால்யூம் குமிழைத் திருகினால் கரகரவென்று சத்தம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அதன் சந்துக்குள் கிளீனர் அடித்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முப்பது முறை திருகச் சொன்னேன். நீ எண்ணிக்கொண்டே திருகினாய். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

இடப்பக்க ஸ்பீக்கரில் சத்தமே வராது என்பதுதான் முக்கியமான கோளாறு. அதைக் கண்டுபிடிக்கக் கரண்ட் கொடுத்துப் பார்க்கவேண்டும். கரண்ட் கொடுக்கும்போது காய்ந்த தரையில், மேசைமேல் வைத்துப் பார்க்கவேண்டும். இது எனக்குத் தெரியாதா? உனக்கே தெரிந்தது. "உள்ள தூக்கிட்டுப் போய் போட்டுப் பாக்கலாமேம்மா. இங்க துணி தொவச்ச ஈரம் காயல" என்றாய். ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு மவ வந்துடும்" என்றார். உள்ளே வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. உள்ளே வரலாமா என்று நான் கேட்கவில்லை. "சும்மா இருடி, இங்கயே பாத்துடலாம்" என்றேன். ஜன்னல் வழியாக ஒயரை வாங்கி, நான் கொண்டுபோன சீரீஸ் போர்டில் சொருகினேன். பல்பு வழியாகக் கரண்ட் போகிற அந்தப் பலகை இருந்தால் பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எத்தனை முறை உனக்குச் சொல்லியிருக்கிறேன், சீரீஸ் போர்டு செட்டைத்தான் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது என்று. டெஸ்டர் பைக்குள் இருந்தது. எடுத்துப் பெட்டியின் உடம்பில் ஒருமுறை வைத்துப் பார்த்திருந்தால் சிவப்பு எரிந்திருக்கும். பெரிய மனுஷன் நின்று பார்க்கிறார், நாம் பையைக் குடைந்துகொண்டிருந்தால் வேலை தெரியாதவள் என்று நினைப்பார். அதற்காக எடுக்கவில்லை. நம்பு, அதற்காகத்தான்.

மெயின் ஒயர் பெட்டிக்குள் நுழைகிற ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். உப்புக்காற்றில் அது பிஸ்கட் மாதிரி உதிர்ந்திருந்தது. நாம் புரட்டிப் போட்டபோது ஒயர் முறுக்கிக்கொண்டு, தோல் விட்ட இடத்தில் செம்பு தகரத்தைத் தொட்டுவிட்டது. இதெல்லாம் பிறகு பார்த்ததும் புரிந்தது. அப்போது பச்சை விளக்கு எரிந்தது, வலப்பக்க ஸ்பீக்கரில் யாரோ விவசாயிகளுக்கு உரம் பற்றிப் பேசினார்கள், ஐயா கைதட்டினார். "இடது பக்கத்தப் பாரு" என்றேன். நீ ஒரு கையால் பெட்டியைப் பிடித்தாய்.

நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். உன் தொண்டையிலிருந்து "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் வந்தது, ஏதோ யோசிக்கிறவள் மாதிரி. நான் ஸ்பீக்கர் ஒயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னடி, சொல்லு" என்று சலித்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தபோது உன் விரல்கள் வெள்ளையாக இருந்தன. கண் என்னைத்தான் பார்த்தது. ஆனால் நீ அங்கே இல்லை. ரேடியோ உரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது. நான் ஒயரைப் பிடித்து இழுத்தேன். பலகை, பல்பு எல்லாம் சேர்ந்து வந்து சுவரில் மோதி உடைந்தது. நீ துவைக்கிற கல்லின்மேல் சாய்ந்து கீழே போனாய். நாலு வினாடி இருக்கும். அந்த நாலு வினாடியில்தான் இன்னும் இருக்கிறேன். கடையில் யாராவது தொண்டையைச் செருமினால்கூடத் தூக்கிவாரிப்போடுகிறது.

"உள்ள தூக்கியாங்க, உள்ள தூக்கியாங்க!" என்று மதாம் ஓடிவந்தார். கூடத்துக்குள் தூக்கிக்கொண்டு போனோம். நல்ல காய்ந்த, அகலமான, சுத்தமான தரை. மேசையும் இருந்தது. மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நேரத்தில்தான் நாம் அந்தக் கூடத்தைப் பார்த்தோம், கலை. மதாம் உன் உள்ளங்காலைத் தேய்த்துவிட்டார், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார், அவர் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் மறுக்கவில்லை. ஐயா சுவரோரம் நின்றார். உன் ஈரமான வெறுங்காலைப் பார்த்தார். "நான் செருப்பக் கழட்டச் சொல்லலியேம்மா" என்றார். சின்னப்பிள்ளை மாதிரி இரண்டு முறை சொன்னார். அவர் சொன்னது உண்மை. அதுதான் எனக்கு எரிகிறது. அவர்கள் சொல்லவே வேண்டியதில்லாத அளவுக்கு நம்மைச் செய்து வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளை நாமே கிள்ளிக் கழற்ற வைக்கிறோம். கடைசியில் குற்றம் யார்மேலும் இல்லாமல் போய்விடுகிறது.

இனி எழுதப்போவதுதான் நான் நேரில் சொல்ல முடியாதது. ஜெனரல் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்துவிட்டு இதயம் நன்றாக ஓடுகிறது என்று அனுப்பினார்கள். இரண்டு விரலில் கருகிய காயத்தோடு வீட்டுக்கு வந்தோம். உன் அப்பா பதறிப்போய் என்ன ஆச்சு என்று கேட்டார். நீ பாயில் படுத்திருந்தாய், விழித்துக்கொண்டுதான் இருந்தாய். "இவதான், பராக்குப் பாத்துக்கிட்டே கைய வச்சுட்டா. கவனம்னு ஒண்ணு கெடையாது இவளுக்கு" என்றேன். அவர் உன்னைத் திட்டினார். "கரண்ட்டுகிட்ட வெளையாட்டாடி?" என்று கத்தினார். நீ மறுத்துப் பேசுவாய் என்று காத்திருந்தேன். ஒருபக்கம் பயந்தேன், ஒருபக்கம் ஆசைப்பட்டேன். நீ சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாய். அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது அந்த முதுகை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஈரத்தரை என்று சொன்னவள் நீ. செருப்பை ஏன் கழற்றவேண்டும் என்று கேட்டவள் நீ. இரண்டையும் கண்ட பெண்ணை இரண்டு தடவை வாயை மூடவைத்து, மூன்றாவது தடவை பொய்யும் சொல்லி, தானாகவே வாயை மூடிக்கொள்கிறவளாக ஆக்கிவிட்டேன். உன் அப்பாவிடம் நாளைக்கு உண்மையைச் சொல்லப்போகிறேன். நீ இதைப் படிக்கும்போது சொல்லியிருப்பேன்.

உனக்குத் தெரியாத ஒன்று. போன செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். அந்தப் பெட்டி அப்படியே கிடக்கிறது, வந்து முடித்துக்கொடு என்று ஐயா மறுபடி ஆள் அனுப்பினார். வாசலில் நின்றேன். செருப்பைக் கழற்றவில்லை. ஐயா காலைப் பார்த்தார். தெருவே என் காலைப் பார்க்கிற மாதிரி இருந்தது. "உள்ள மேசை வேணுங்கய்யா. காஞ்ச எடமா இருக்கணும். செருப்போடதான் வேல பாப்பேன்" என்றேன்.

"என் ஊட்டுக்குள்ள என் மவளே செருப்போட வரமாட்டா" என்றார்.

"உங்க மவ கரண்ட்டுல கைய வைக்கலீங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. முடிந்தது, போகச் சொல்லப்போகிறார் என்று படியிறங்கத் தயாரானேன். மதாம் உள்ளேயிருந்து, "சரியாத்தான் சொல்றா. பதில் சொல்லுங்க முசியே" என்றார். ஐயா எழுந்து காரை நிறுத்துகிற கொட்டகைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் காருக்குள் போடுகிற ரப்பர் மேட் இரண்டு. மேசைக்கு முன்னால் விரித்து, காலால் நீவிவிட்டு, "செருப்ப வெளிய வுட்டுட்டு இதுல நின்னுக்கோ. ராணுவத்துல இப்படித்தான் நிப்போம். போதுமா?" என்றார். போதும் என்றேன். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், ஒயரை மாற்றி எர்த்தோடு புதிது போட்டேன், புது ரப்பர் வளையம் போட்டேன். இடப்பக்கம் வராமலிருந்ததற்குக் காரணம் ஸ்பீக்கர் ஸ்விட்ச்சில் பிடித்திருந்த பச்சைக் களிம்பு. கிளீனர் அடித்து பத்து தடவை அழுத்தி எடுத்ததும் வந்துவிட்டது. வெறும் களிம்பு, கலை. இரண்டு நிமிஷ வேலை.

ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ரப்பர் மேட்டைத்தான் நினைத்தேன். போன ஜூலையிலும் அது அந்தக் கொட்டகையில்தான் கிடந்திருக்கும். வாயைத் திறந்து கேட்டிருந்தால் அன்றைக்கே வந்திருக்கும். கேட்காத வரைக்கும் யாரும் எடுத்து விரிக்கப்போவதில்லை. இந்த நினைப்பு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். ஆறுதல் இல்லை. உன்னை நாலு வினாடி அங்கே விட்டது ஒரு வார்த்தை கேட்கப் பயந்த பயம்தான் என்பது இன்னும் மோசமாக இருக்கிறது.

கேட்டால் எல்லோரும் மேட் கொண்டுவருவார்கள் என்று உன்னை ஏமாற்ற மாட்டேன். அவர் வயதானவர், மனைவி பக்கத்தில் இருந்தார், ஒரு தடவை பார்த்த பயமும் இருந்தது. உன் லைன் லீடருக்கு இது எதுவும் கிடையாது. அவனுக்குப் பின்னால் ஒருவன் கத்திக்கொண்டிருப்பான், அவனுக்குப் பின்னால் இன்னொருவன். கான்ட்ராக்ட் பெண்கள் என்றால் கம்பெனி கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கிறார்கள், ஒருத்தி போனால் இன்னொருத்தி என்பது அவர்கள் கணக்கு. அந்த டேப்பை நீ உரித்துவிட்டு, "மெஷின் நிக்காம நான் உள்ள கைய வைக்க மாட்டேன் சார்" என்று சொன்னால், அவன் உன்னைப் பார்க்கிற பார்வை எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. உன் பக்கத்தில் நிற்கிற பெண்களே, "இவ ஒருத்திக்குத்தான் கையா, எங்களுக்கெல்லாம் வெளக்கமாரா?" என்று கிண்டல் பண்ணுவார்கள். அப்போது உன் முகம் சூடாகும், சிரித்துச் சமாளிக்கத் தோன்றும். சிரிக்காதே. அந்தச் சிரிப்பில்தான் கை உள்ளே போகும். மெஷினை நிறுத்து. லைனே நிற்கட்டும். பெயரைக் கேட்டால் சொல். வெளியே போ என்றால் போய்விடு.

இதில் எனக்கு இன்னொரு பயம் இருக்கிறது, கடைசியாக அதையும் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒருநாள் நடந்தால் நீ எனக்குத்தான் போன் பண்ணுவாய். "அம்மா, அனுப்பிட்டாங்க" என்பாய். ஒரு வீட்டுக்குள் ஒரு தடவை வாய் திறந்துவிட்டதால் நான் மாறிவிட்டேன் என்று நம்பாதே. நாற்பத்தாறு வருஷம் பழகிய வாய் இது. "கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கக் கூடாதாடி?" என்றுதான் முதலில் கேட்கும். எனக்குத் தெரியும், கேட்டுவிடும். அதைக் கேட்டு நின்றுவிடாதே, திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்காதே. பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டுப் புதுச்சேரி பஸ்ஸில் ஏறு. நீ திண்டிவனம் தாண்டுவதற்குள் நான் சரியாகிவிடுவேன்.

அம்மா